ஒரு லட்சத்தில் மூன்று பங்கு

போன வருஷம் கோடை விடுமுறைக்குத் தங்கை மகள் விருதுநகர் வந்திருந்த சமயம் பார்த்து ஏசி மக்கர் செய்தது. இந்த ஊரில் மே மாதத்தில் அது சின்ன விஷயமில்லை. ரிமோட் செத்துவிட்டதா, பெட்டியில்தான் கோளாறா என்று பார்க்க எல்லா மெக்கானிக்குகளும் செய்வதையே நானும் செய்தேன். செல்போனின் முன்பக்கக் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதற்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அமுக்கினேன். திரையில் ஊதாவாக ஒரு புள்ளி மினுமினுத்தது. ரிமோட்டுக்கு உயிர் இருக்கிறது.

"அந்த லைட்டு ஊதாக் கலரா மாமா?"

"இல்லம்மா. அது கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். போன் தப்பாக் காட்டுது."

"அப்போ சரியான கலர் என்ன?"

சிவகாசியில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் இருபத்தெட்டு வருஷம் நிறம் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டிய அவசரத்தில், முருகன் கன்னத்தில் மெஜந்தா ஒரு துளி தூக்கலாக இருக்கிறது என்று ஓடுகிற மிஷினை நிறுத்தச் சொல்லியிருக்கிறேன். முதலாளி திட்டுவார், ஆனால் நிறுத்துவார். அப்படிப்பட்டவனிடம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிறத்தைக் கேட்கிறது, பதில் இல்லை. அகச்சிவப்பு என்று சொல்லி ஒதுங்கியிருக்கலாம். அது நிறத்தின் பெயரில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மொத்தக் காட்டுக்கும் வைத்த ஒற்றைப் பெயர். அந்தக் காட்டில் நம் வீட்டு ரிமோட் எந்த இடத்தில் நிற்கிறது?

யோசித்துப் பார்த்தால், செல்போனில் பார்த்ததே ஓர் அளவீடுதான். கண்ணுக்குத் தெரியவில்லை, ஆகவே அலைநீளம் 750 நானோமீட்டருக்கு மேலே. கேமராவுக்குத் தெரிந்தது, கேமராவின் உயிர் சிலிக்கான், அதற்கு 1100 நானோமீட்டரைத் தாண்டிப் பார்வை கிடையாது, ஆகவே 1100க்குக் கீழே. (ஊதா எங்கிருந்து வந்தது என்றால், கேமராவுக்குள் ஒவ்வொரு புள்ளியின் தலையிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு சல்லடை உண்டு. அகச்சிவப்பு மூன்றிலும் ஒழுகிவிடும். கேமரா தனக்குத் தெரிந்த கணக்கைப் போட்டு ஊதா என்று சாதிக்கிறது.) காசு செலவில்லாமல் இரண்டு வேலிகள் கிடைத்துவிட்டன. நடுவில் 350 நானோமீட்டர் இடம். கண்ணுக்குத் தெரிகிற வானவில் மொத்தமும் ஏறக்குறைய இவ்வளவு அகலம்தான். என் தொழில்புத்திக்கு அது போதவில்லை.

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் எலெக்ட்ரானிக்ஸ் சாமான் பொறுக்கிச் சேர்ப்பது எனக்குப் பழைய பழக்கம். அந்தச் சாமான்களை நம்பி முதலில் குறுக்குவழி ஒன்றில் இறங்கினேன். எல்இடி எந்த மின்னழுத்தத்தில் எரியத் தொடங்குகிறதோ அந்த வோல்ட் எண்ணால் 1240ஐ வகுத்தால் அலைநீளம் வரும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பழைய ரிமோட்டிலிருந்து கழற்றிய எல்இடியை மல்டிமீட்டரில் வைத்தால் 1.05 என்று காட்டியது. வகுத்தால் 1180. சிலிக்கானுக்கே தெரியாத இடம் அது; என் செல்போனுக்கோ தெரிந்திருக்கிறது. ஆக மீட்டர் சொன்னதை நம்புவதற்கில்லை. மல்டிமீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். மீதிச் சுமையை எல்இடிக்குள் இருக்கும் வெப்பம் தூக்கிக் கொடுத்துவிடுகிறது, வோல்ட் குறைவாகத் தெரிகிறது. இந்தக் கணக்கைச் செய்து காட்டி ஒரே எண்ணில் முடிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இப்போது சந்தேகம் வருகிறது.

நேர்வழி, வெளிச்சத்தைப் பிரித்துப் பார்ப்பது. அதற்குக் கீற்றணி வேண்டும்: மிக நெருக்கமாகக் கோடு போட்ட தகடு. பழைய டிவிடி ஒன்று கிடந்தது. அதன் தடங்களுக்கு இடைவெளி 740 நானோமீட்டர். கோடு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைத்து அதைப் பிளந்து, வெள்ளிப் பூச்சைக் கழுவி, கேமராவின் முன்னால் வைத்தேன். சிவப்பு லேசர் புள்ளி அறுபது டிகிரிக்கு மேல் வளைந்து அழகாக வந்தது. ரிமோட் மட்டும் வரவே இல்லை. பேட்டரி மாற்றினேன், கேமராவை மாற்றினேன், இரண்டு ராத்திரி போனது. மூன்றாம் நாள் பஸ்ஸில் திருத்தங்கல் தாண்டும்போது உறைத்தது. அலைநீளம் கோட்டு இடைவெளியைவிடப் பெரிதாக இருந்தால், நேர் எதிரே வரும் அலை வளைந்து வெளிவர வழியே இல்லை. கோணத்தின் சைன் மதிப்பு ஒன்றைத் தாண்டிவிடும். சல்லடைக் கண்ணைவிடக் கல் பெரிதாக இருந்த கதை. எரிச்சலோடு எரிச்சலாக ஒன்று புரிந்தது. வரவில்லை என்பதும் தகவல்தான். ரிமோட்டின் நிறம் 740க்கு மேலே என்று டிவிடி தன் பாஷையில் சொல்லிவிட்டது.

சிடிக்கு இடைவெளி 1600 நானோமீட்டர். முரடு, ஆனால் இடம் உண்டு. பாட்டு சிடி ஒன்றின் பூச்சை ஒட்டுநாடாவால் உரித்து எடுத்தேன். முன்னூறு ரூபாய் சொச்சத்துக்கு வாங்கிய வெப்கேமராவைத் திறந்தால், லென்ஸுக்குப் பின்னால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, சாய்த்தால் சிவப்புப் பளபளப்புக் காட்டும் கண்ணாடிச் சில்லு ஒன்று இருக்கும். அகச்சிவப்பைத் தடுத்து நிறுத்த நிறுவனம் வைத்த காவல் அது. அதை நெம்பி எடுத்துவிட்டால் கேமராவுக்கு மறுகண் திறந்துவிடும். பிறகு சுவரில் ஒரு நீண்ட மர ஸ்கேல். ஸ்கேலின் பூஜ்யத்தில் விளக்கு. அரை மீட்டர் தள்ளி சிடித் துண்டு, அதன் பின்னால் கேமரா. விளக்கு தன் இடத்திலும் தெரியும், ஸ்கேலின் மேல் வேறோர் இடத்தில் அதன் ஆவியும் தெரியும். ஆவி நிற்கும் சென்டிமீட்டரைப் படித்தால் அலைநீளம். லேசர் மூடியில் 650 என்று அச்சிட்டிருந்தது, ஆவி 22.2 சென்டிமீட்டரில் நின்றது. கணக்கும் அதையே சொன்னது.

ஆனாலும் திருப்தியில்லை. 650 வேலிக்கு இந்தப் பக்கம். தெரிந்த பக்கத்தில் சரியாக இருக்கிற அளவுகோல், தெரியாத பக்கத்திலும் சரியாக இருக்கும் என்று எதை வைத்துச் சொல்வது? வேலிக்கு அந்தப் பக்கத்தில், முன்கூட்டியே இடம் தெரிந்த ஏதாவது ஒன்று வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அதற்கென்று விளக்குகள் வைத்திருப்பார்கள். விலை நமக்கு ஆகாது.

பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். அவரிடம் நிறத்தைப் பற்றிப் பேசினால் உப்பைப் பற்றித்தான் பேசுவார். சிவப்பா, ஸ்ட்ரான்சியம். மஞ்சளா, சோடியம். நீலமா, செம்பு, நல்ல நீலம் கொண்டுவருவது எல்லாருக்கும் வராது. பேரியம் நைட்ரேட்டை இங்கே பச்சை உப்பு என்றே சொல்வார்கள். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்த நாளிலிருந்து அந்தப் பச்சையைப் பற்றி அவர் பேசினால் குரல் மாறிவிடும். அன்றைக்கு நான் கேட்டது வேறு. "வெடியுப்புக்கு என்ன கலர் அண்ணாச்சி?"

"அதுக்கேது கலரு? அது மத்ததுக்கெல்லாம் மூச்சு குடுக்கிற சாமான்லா."

மூச்சு என்றது ஆக்சிஜனை. தொழிலில் அது சரியான பதில். வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட். தீக்குச்சி மருந்தில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். இரண்டும் எரிபொருளுக்கு ஆக்சிஜன் கொடுக்கவே சேர்க்கப்படுகின்றன. ஆனால் பொட்டாசியம் எரியும் இடத்தில் எல்லாம் இரண்டு கோடுகளை வீசும்: 766.5, 769.9 நானோமீட்டர். பிரபஞ்சத்தில் எங்கே எரிந்தாலும் அதே இடம், ஒரு மயிரிழை நகராது. மனிதக் கண் 555இல் உச்சமாகப் பார்க்கிறது என்றால், 770இல் அதன் கூர்மை அந்த உச்சத்தின் ஒரு லட்சத்தில் மூன்று பங்கு. அதைப் பார்வை என்று சொல்வது மரியாதைக்காக. தீபாவளி ராத்திரி சிவகாசிச் சரக்கு வெடிக்கிற ஊர்களில் எல்லாம் வானம் நிறைய இந்த நிறம் கொட்டுகிறது. அதை விற்கவும் ஆளில்லை, தடை செய்யவும் ஆளில்லை. அது இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஸ்கேலின் பூஜ்யத்தில் இரண்டு பிளேடுகளை நெருக்கி ஓர் இடுக்கு செய்தேன். அதன் பின்னால் தீக்குச்சியை உரசினேன். மருந்து சீறுகிற அந்த ஒரு நொடிதான் வேண்டும்; குச்சி எரியத் தொடங்கியபின் வரும் மஞ்சள் சுடரால் பயன் குறைவு. வீடியோ எடுத்து, படம் படமாக நகர்த்திப் பார்த்தேன். முதலில் சோடியத்தின் மஞ்சள் கோடு, 20 சென்டிமீட்டருக்குச் சற்று முன்னால். பிறகு சிவப்பு மங்கி மங்கி இருட்டில் முடிகிறது. அந்த இருட்டுக்குள், 27.4இல், தனியாக ஒரு வெள்ளைக் கோடு. என் சிடிக்கு இரண்டு கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறமை இல்லை, ஒன்றாகத்தான் தெரிந்தது. போதும். கணக்கில் அது நிற்க வேண்டிய இடமும் 27.4தான். மூன்று குச்சி உரசினேன், மூன்றும் அதே இடம். பிறந்ததிலிருந்து கண்முன்னால் எரிந்துகொண்டிருந்த நிறத்தை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். அதுவும் கறுப்பு வெள்ளையில்.

அதன் பிறகு வீடு முழுக்க வேட்டை. ஏசி ரிமோட் 36 சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டிப் பரந்து நின்றது. எல்இடி லேசரைப்போல ஒற்றைக் கோடாக வராது, ஐம்பது நானோமீட்டர் அகலத்துக்குப் பிசிறடிக்கும். நடுவை எடுத்தால் 940. ஒரு நாள் 935 வரும், ஒரு நாள் 945 வரும். டிவி ரிமோட்டும் அதேதான். வாசலில் மாட்டியிருக்கும் சிசிடிவி, ராத்திரியில் உற்றுப் பார்த்தால் மங்கலான சிவப்புத் தணலாகத் தெரியும் வகை; அது 31 சொச்சத்தில் நின்று 850 என்றது. கொரோனா சமயத்தில் வாங்கி இழுப்பறையில் போட்ட, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டருக்குள் இரண்டு விளக்குகள்: ஒன்று 660 சிவப்பு, இன்னொன்று மறுபடியும் 940 பக்கம். ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறின நிறத்தையும் ஏறாத நிறத்தையும் அந்த இரண்டு விளக்குகளால் ஒப்பிட்டுத்தான் 98 என்று காட்டுகிறது. எங்கள் தெருவில் அந்த எண்ணுக்காக எத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்!

ரிமோட் என்றதும் 38 கிலோஹெர்ட்ஸ் என்று ஓர் எண் கடைக்காரர்கள் வாயில் வரும். அது வெளிச்சத்தின் அதிர்வு இல்லை; விளக்கு எத்தனை வேகத்தில் சிமிட்டுகிறது என்பது மட்டும். நொடிக்கு 38 ஆயிரம் சிமிட்டல். வெளிச்சத்தின் அதிர்வோ நொடிக்கு 319 லட்சம் கோடி. இரண்டையும் குழப்புகிறவர்கள் படித்தவர்களிலும் உண்டு.

காவல் சில்லை எடுத்த கேமராவை மூடிவைக்க மனம் வராமல், ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, சிசிடிவி எல்இடி வெளிச்சத்தில் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் நாங்கள் அடித்த காலண்டர். முருகன் இல்லை. மயில் தோகை, பட்டு வேட்டி, பின்னால் மலை எல்லாம் வெளிறி, தாள் வெள்ளைத்தாளாகிக் கிடந்தது. கறுப்புப் பிளேட்டில் விழுந்தது மட்டும் எலும்புபோல நின்றது: புருவம், வேலின் நிழல், கீழே ஜவுளிக்கடை விலாசம். ஏன் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சயான், மெஜந்தா, மஞ்சள் மூன்று மையும் கண்ணுக்குத்தான் நிறம். அகச்சிவப்புக்கு அவை கண்ணாடி. கறுப்பு மை கார்பன், அது எல்லாவற்றையும் விழுங்கும். பக்கத்தில் தினசரிக் காலண்டர். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை நாளும் சிவப்பு மையில் அடிப்பதல்லவா, அந்தத் தேதிகளையும் காணோம். அகச்சிவப்பில் லீவே கிடையாது என்று தங்கை மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இருபத்தெட்டு வருஷம் நான் சண்டை போட்ட மெஜந்தா, வேலியைத் தாண்டினால் ஒரு பொருட்டே இல்லை. இதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, மறைக்கவில்லை.

இந்த மாவட்டத்தில் வெளிச்சத்தை வடிகட்டிப் பார்த்து, வரக்கூடாதது வருகிறதே என்று நின்றவர் ஒருவர் ஏற்கெனவே இருந்திருக்கிறார். வத்திராயிருப்பில் 1898 டிசம்பர் 4ஆம் தேதி பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஊர்ப் பள்ளி, பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் இந்து உயர்நிலைப் பள்ளி, மதுரை அமெரிக்கன் கல்லூரி, சென்னை கிறித்தவக் கல்லூரி என்று போய், 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாவில் சி. வி. ராமனிடம் சேர்ந்தார். அதே வருஷங்களில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க அதே கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். இந்த வறண்ட மண்ணிலிருந்து ஒரே ஊருக்கு, நெருப்பு செய்யக் கற்க இரண்டு பேர், வெளிச்சத்தைப் படிக்க ஒருவர். சந்தித்துக்கொண்டார்களா என்று யோசிப்பதில் பிரயோஜனமில்லை. ஆனாலும் யோசிக்கிறேன்.

1928இல் கல்கத்தாவின் பவ்பஜார் தெருவில் ராமனும் கிருஷ்ணனும் செய்தது எளிமையான காரியம். சூரிய வெளிச்சத்தைத் தொலைநோக்கி லென்ஸால் குவித்து, நீல ஊதாக் கண்ணாடி ஒன்றின் வழியே திரவத்துக்குள் செலுத்தினார்கள். வெளியே சிதறி வருவதை மஞ்சள் பச்சைக் கண்ணாடி ஒன்றின் வழியே பார்த்தார்கள். முதல் கண்ணாடி விடுவதை இரண்டாவது கண்ணாடி விடாது. இருட்டுதான் தெரிய வேண்டும். வெளிச்சம் தெரிந்தது. அறுபது திரவங்களில் பார்த்தார்கள், தெரிந்தது. கிருஷ்ணன் வெறும் கண்ணால் உட்கார்ந்து பார்த்தார். பிப்ரவரி 28இல் பாதரச விளக்கும் நிறமாலைமானியும் வைத்துப் புதிய கோடுகளைக் கண்டார்கள். சிதறும்போது வெளிச்சம் தன்னிடமிருந்து ஒரு பங்கை மூலக்கூறுக்குக் கொடுத்துவிட்டு வருகிறது. கொடுத்தது எவ்வளவு என்று பார்த்தால், அது மூலக்கூறின் சொந்த அதிர்வு. அந்த அதிர்வின் இடமோ அகச்சிவப்பில். அதாவது, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தின் இரண்டு கோடுகளைக் கழித்து, தெரியாத பிரதேசத்தை அளக்க வழி கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பேர் பெயரிலும் கட்டுரை வந்தது. 1930இல் நோபல் பரிசு ஒருவருக்கு வந்தது. கிருஷ்ணன் பிறகு டெல்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். நாட்டின் மீட்டரும் கிலோவும் காவல் இருக்கிற இடம் அது. இந்த மாவட்டத்தில் பட்டாசுக்கும் எண்ணெய்க்கும் காமராஜருக்கும் அடுத்தபடியாகவாவது அவர் பெயர் வர வேண்டும். வருவதில்லை.

என் சிடியின் எல்லை 1600 நானோமீட்டர், கேமராவின் எல்லை 1100. காடு அங்கே முடிவதில்லை. தோசைக்கல் 200 டிகிரியில் வீசுவதன் உச்சம் 6000 நானோமீட்டரைத் தாண்டும். நம் உடம்பு வீசுவது 9300 பக்கம். டிவிடிக்கு ரிமோட் எப்படியோ அப்படி, சிடிக்கு நம் உடம்பு. 1800இல் இசைக்காரராக இருந்து வானியலுக்கு வந்த வில்லியம் ஹெர்ஷல், பட்டகம் பிரித்த வானவில்லின் சிவப்புக்கு அப்பால் வெறும் இருட்டில் வெப்பமானியை வைத்தபோது அது மற்ற நிறங்களில் இருந்ததைவிட அதிகமாக ஏறியது. இந்தக் காட்டின் முதல் காலடி அது. 2020இல் கடை வாசல்தோறும் நெற்றியில் துப்பாக்கிபோல நீட்டிய வெப்பமானியும் ஹெர்ஷலின் வாரிசுதான். அதிலிருந்து கதிர் வந்து மூளையைப் பாதிக்கும் என்று பயந்து கையை நீட்டியவர்கள் உண்டு. அது எதையும் அனுப்புவதில்லை; நம் நெற்றி வீசுவதை வாங்கிப் படிக்கிறது, அவ்வளவுதான். வீசுகிறவர்கள் நாம்.

எதற்காக 940 என்ற கேள்வி மிச்சம் இருந்தது. காலியம் ஆர்சனைடில் மலிவாகச் செய்ய வருகிற விளக்கு அது என்பது ஒரு காரணம். இன்னொன்று வானத்தில் இருக்கிறது. 940ஐச் சுற்றிய வெளிச்சத்தைக் காற்றிலுள்ள நீராவி குடித்துவிடும். சூரியனிலிருந்து வருவதில் அந்த இடம் மட்டும் தரைக்கு வரும்போது பள்ளமாக இருக்கும். ஆகவே ஜன்னல் வெயிலில் ரிமோட்டின் சத்தம் அமுங்காது. அமெரிக்காவில் டெக்சாஸ்காரர் ஃபாரஸ்ட் மிம்ஸ், அறிவியல் பட்டம் இல்லாத எலெக்ட்ரானிக்ஸ் பொழுதுபோக்காளர், இதைத் திருப்பிப் போட்டார். எல்இடிக்கு வெளிச்சம் காட்டினால் அதுவே கண்ணாக வேலை செய்யும். 940 எல்இடி ஒன்றைச் சூரியனுக்குக் காட்டி, பக்கத்தில் நீராவி தொடாத இடத்து எல்இடி ஒன்றையும் வைத்து, இரண்டின் விகிதத்தில் தலைக்கு மேலுள்ள நீராவியை 1990 முதல் அளந்துவந்தார்.

இதைப் படித்ததும் எழுந்து நடந்தேன். இந்தப் பகுதிக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் வந்து ஒட்டிக்கொண்டதற்கு ஊரில் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றே: மழை இல்லை, காற்றில் ஈரம் இல்லை. குச்சி காயும், மருந்து காயும், திரி காயும். விவசாயத்தைக் கெடுத்த வறட்சிதான் தொழிலுக்கு மூலதனம். ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். அந்த மூலதனத்தை அளக்கிற கருவி எங்கள் வீட்டு ரிமோட்டின் மூக்கில் இருக்கிறது. ஏசியின் 940, சிசிடிவியின் 850, இரண்டையும் ஒரு குழாய்க்குள் வைத்து மொட்டைமாடியில் மத்தியானம் தோறும் சூரியனுக்குக் காட்டி விகிதத்தைக் குறித்து வருகிறேன். ஆவணியில் ஒரு மாதிரி, ஐப்பசியில் மழைக்கு முந்தின நாட்களில் கீழே இறங்கி. ஒரு வருஷக் குறிப்பை வைத்துக்கொண்டு பெரிதாகப் பேசக்கூடாது.

ஈரம் இன்னொன்றும் செய்யும். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கந்தகமும் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் உள்ளுக்குள் வினை நடந்து சூடு ஏறும். அதனால்தான் கலந்த மருந்தை மிச்சம் வைத்து மறுநாள் தொடக்கூடாது, அன்றன்றே அழித்துவிட வேண்டும் என்ற விதி. அந்தச் சூடு ஏறுவது யாருக்கும் தெரியாது. ஒரு பொருள் செக்கச் செவேலென்று கண்ணுக்குத் தெரியத் தொடங்க 500 டிகிரிக்கு மேல் ஆக வேண்டும். கந்தகம் 250ஐ எட்டுவதற்குள்ளாகவே பற்றிவிடும். ஆக, குவியல் தன் சூட்டைச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது, 9000, 8000, 7000 நானோமீட்டர் என்று இறங்கி இறங்கி. கேட்க அங்கே ஒருவரும் இல்லை. ஆலை வாசலில் செல்போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள், அது நியாயம். நெற்றியைப் படிக்கிற கருவியைப்போல, பாதுகாப்பான வகையில் ஒன்றைக் கலவை அறையின் வெளியே நின்று அந்தக் குவியலைப் படிக்க வைக்கலாமே என்று நான் கேட்டால், உராய்வு, மின்பொறி, உரிமம், நாக்பூரில் இருக்கும் வெடிபொருள் துறைத் தலைமையகம் என்று வரிசையாகப் பதில் வருகிறது. 2012 செப்டம்பர் 5ஆம் தேதி சிவகாசி பக்கத்து முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் குறைந்தது 38 பேர் இறந்தார்கள். புகை கண்டு உதவவும் வேடிக்கை பார்க்கவும் ஓடி வந்தவர்களும் அதில் இருந்தார்கள். புகை தெரிந்த பிறகுதான் நாம் ஓடுகிறோம். எனக்குப் பதில்கள் திருப்தியாக இல்லை. கருவி செய்கிறவர்களும் ஆலை நடத்துகிறவர்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசட்டும் என்பதுதான் என் கட்சி.

தங்கை மகளிடம் பதிலைச் சொல்லிவிட்டேன். 940.

"அது நம்பர் மாமா. நான் கலரைக் கேட்டேன்."

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு: சிடி போதும், டிவிடி வேண்டாம். லேசரைக் கண்ணுக்கு நேராகப் பிடிக்காதீர்கள். சூரியனுக்கு எல்இடியைக் காட்டலாம், கண்ணைக் காட்டக்கூடாது. தீக்குச்சியைப் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்களே உரசுங்கள், பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் இருக்கட்டும். மழைக்காலத்தில் வாங்கிய பெட்டியாக இருந்தால் வெயிலில் கொஞ்சம் காய வையுங்கள். பதினான்கு வருஷம் ஒரு ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி 2021 டிசம்பர் 1ஆம் தேதி இரண்டு ரூபாய் ஆனது.